மதுரைக் கோடையில் ஒரு முழு நாள்: புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரைக்குப் புதிதாகக் குடிவந்து, வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர்கள் பலர் சித்திரையிலும் வைகாசியிலும் ஒரே விதமாகக் களைத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். காலை பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்புகிறார்கள். பதினொன்றரைக்குத் தலைவலியோடு திரும்புகிறார்கள். பிற்பகலில் வேலை ஓடுவதில்லை. ஆசையாக வாங்கி வைத்த துணியும் நூலும் பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போய்விடுகின்றன. இந்த ஊருக்கு வந்த முதல் கோடையை நானும் அப்படித்தான் கழித்தேன். பிறகு தெரிந்துகொண்டது இதுதான்: இங்கே கோடை நாளைக் கடிகாரத்தைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது, வெயில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். காலால் செய்யும் வேலை, கண்ணாலும் மூளையாலும் செய்யும் வேலை, விரலால் செய்யும் வேலை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுதைக் கொடுத்துவிட்டால் மூன்றுமே நடக்கும். கைவேலையை மிச்சப் பொழுதுக்கு விட்டால் அது நடக்கவே நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில் பெரும்பாலும் மே 4ஆம் தேதி தொடங்கி 28ஆம் தேதி வரை நீடிக்கும். இந்த நாட்களில் மதுரையில் ஆறு மணிக்குச் சற்று முன்பாகவே விடிந்துவிடுகிறது. மாலை ஆறரை மணிக்குச் சூரியன் மறைகிறது. சென்னையில் இருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று நுழைந்து சூட்டைத் தணிக்கும். இங்கே அந்த உதவி கிடையாது. நண்பகலில் ஏறும் சூடு ஐந்து மணி வரை இறங்காது. ஆனால் காற்றில் ஈரம் குறைவு என்பதால் வியர்வை சீக்கிரம் உலர்கிறது, பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்கிறது, துணியும் வத்தலும் ஒரே பகலில் காய்கின்றன. இந்த மூன்று நன்மைகளையும் பயன்படுத்திக்கொள்வதுதான் நாள் முழுவதற்குமான உத்தி.

முந்தைய இரவிலேயே தொடங்குங்கள்

நாளைய வெளிவேலைகளை ஒரு தாளில் எழுதி, அவற்றில் ஒன்பது மணிக்கு முன் முடிக்கக்கூடியவை எவை, பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும் என்று காத்திருக்க வேண்டியவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். காய்கறி, பால், பூ, மாவு அரைத்தல், துணி தேய்க்கக் கொடுத்தல் ஆகியவை முதல் வகை. வங்கி, தபால் நிலையம், தாலுகா அலுவலகம் ஆகியவை இரண்டாம் வகை. இரண்டாம் வகை வேலைகளை நாளுக்கு ஒன்று என்று இழுக்காமல், வாரத்தில் ஒரே நாளுக்குச் சேர்த்து, அன்று அரை நாள் விடுப்பு எடுத்து முடிப்பதே நல்லது. தினமும் பத்து மணி வெயிலில் ஒரு முறை போய்வந்தால், அந்தக் களைப்பு ஒவ்வொரு நாளின் பிற்பகலையும் தின்றுவிடும்.

அன்றிரவே பாதாம் பிசினில் இரண்டு சிறு கட்டிகளை ஒரு பெரிய கிண்ணம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் கிண்ணம் நிரம்பப் பளிங்கு போல் பொங்கியிருக்கும். ஜிகர்தண்டாவில் போடுவது இதைத்தான்; வீட்டில் அதை நன்னாரி சர்பத்திலோ வெறும் பாலிலோ கலந்து குடித்தால் போதும். மறுநாள் உங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு முன்னதாகவே நாளிதழில் வந்துவிடும், அது பெரும்பாலும் பகல் முழுவதற்குமான தடையாக இருக்கும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைக் கோடையில் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், ஏனெனில் சூட்டில் அது வழக்கத்தைவிட விரைவாகக் குறைகிறது.

ஆறு மணி முதல் எட்டரை வரை: கால்களுக்கான வேலை

முதலில் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. இப்போது நகரில் வேறு இடங்களிலும் உண்டு, உங்களுக்கு அருகில் உள்ளதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்ததும் அன்றைய விலை எழுதிய பலகையைப் பாருங்கள். விலை அதில் உள்ளபடிதான், பேரம் பேச வேண்டியதில்லை. கீரையை முதலில் வாங்குங்கள். கோடையில் கீரை வரத்தும் குறைவு, வந்ததும் சீக்கிரம் வாடிவிடும். நான் எட்டு மணிக்குப் போய் நின்ற ஒரு நாளில், "கீரைக்கு ஆறு மணிக்கே வந்துரணும்மா, இந்நேரம் இது மாட்டுக்குத்தான் ஆகும்" என்று ஒரு அக்கா மிச்சமிருந்த கட்டைக் காட்டாமலே மடித்து வைத்துவிட்டார். வெள்ளரி, பூசணி, சுரை, பீர்க்கு, புடலை ஆகிய நீர்க்காய்களைக் கோடையில் தாராளமாக வாங்கலாம். ஈரத் துணிப்பை ஒன்றைக் கொண்டுபோய்க் கீரையை அதில் சுற்றி எடுத்து வந்தால் வீடு சேரும் வரை துவளாது.

திரும்பும் வழியில் பதநீர் கிடைத்தால் அங்கேயே நின்று குடித்துவிட்டு வாருங்கள். பனைமரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. அப்படியிருந்தும் வெயில் ஏற ஏற அதன் சுவை மாறிவிடும். வாங்கி வைத்துப் பிற்பகலில் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நுங்கு அப்படியல்ல, வெட்டாத காயாக வாங்கினால் மாலை வரை இருக்கும்.

கடைவீதி வேலை இருந்தால், மதுரையின் தெரு அமைப்பு உங்களுக்கு உதவும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்த சதுரங்களாகச் செல்கின்றன. கீழ மாசி வீதியிலோ மேல மாசி வீதியிலோ நடக்கும்போது காலையில் கிழக்கு வரிசைக் கடைகளை ஒட்டியும், மாலையில் மேற்கு வரிசையை ஒட்டியும் நடந்தால் பாதித் தூரத்துக்காவது நிழல் இருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தேரோட்டத்தன்றும் கள்ளழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமியன்றும் வீதிகளும் பாலங்களும் மக்கள் வெள்ளமாக இருக்கும், வெளிவேலையை அந்த நாட்களில் வைக்காமல் திருவிழாவைப் பார்க்கப் போங்கள்.

சந்தைக்குப் போகுமுன்பே மொட்டைமாடியில் ஒரு வேலையை முடிக்கலாம். விடியற்காலையில் ஜவ்வரிசிக் கூழோ அரிசிமாவுக் கூழோ கிண்டி, பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு ஓரத்திலும் கல் வைத்து, கரண்டியால் சிறு வட்டங்களாக ஊற்றிவிட்டால் அதற்கு மேல் வெயில் பார்த்துக்கொள்ளும். உப்பைச் சற்றுக் குறைத்தே போடுங்கள், காய்ந்து சுருங்கும்போது உப்புத் தூக்கலாகிவிடும். மாலையில் வேட்டியைத் திருப்பி, பின்புறம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் பொறுத்தால் வத்தல் கிழியாமல் உரிந்து வரும். அதை மறுநாளும் தாம்பாளத்தில் காய வைக்க வேண்டும்.

எட்டரை முதல் ஐந்து வரை: வேலை மேசை

மேசையை எங்கே போடுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பின் ஆகஸ்ட் கடைசி வரை அது உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. ஆகவே தெற்கு ஜன்னல் வெயிலடிக்கும் என்ற எண்ணம் தை மாதத்துக்குத்தான் பொருந்தும். கோடையில் தெற்குச் சுவரை ஒட்டிய இடமே வீட்டில் குளிர்ச்சியானது. மேற்குச் சுவரை ஒட்டி மட்டும் ஒருபோதும் உட்கார வேண்டாம். பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கும் அந்தச் சுவர் இரவு பத்து மணி வரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கிழக்கு ஜன்னலைக் காலையிலும் மேற்கு ஜன்னலைப் பிற்பகலிலும் மூடித் திரையிட்டு, வெளியே சூடு தணிந்த பிறகு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்.

அன்றைய வேலையில் கடினமானதை எட்டரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் முடித்துவிடுங்கள். நான் பிழைதிருத்தும் வேலை பார்ப்பவள். பிற்பகல் மூன்று மணிக்குத் திருத்திய பக்கங்களை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது, பக்கத்துக்கு இரண்டு ஒற்றுப்பிழையாவது கண்ணில் படாமல் தப்பியிருந்ததைக் கண்டு, அதன் பிறகு பிற்பகலில் திருத்துவதையே நிறுத்திவிட்டேன். பிற்பகலுக்கு மின்னஞ்சல், கோப்புகளை ஒழுங்குபடுத்துதல், தொலைபேசி உரையாடல் போன்றவற்றை ஒதுக்குங்கள். அலுவலக நேரத்தை மாற்ற முடியாதவர்கள்கூட, கூட்டங்களைப் பிற்பகலுக்குத் தள்ளும்படி கேட்டுப் பார்க்கலாம்.

மடிக்கணினிகள் பெரும்பாலும் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. மெத்தை மீதோ மடி மீதோ வைக்காமல், அடியில் காற்றுப் போக இரண்டு மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்து மேசையில் வையுங்கள். ஏசி இருந்தால் 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுவது உடலுக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது. இங்கே மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி 200 யூனிட்டுக்கு உட்பட்ட பகுதிக்கும் கூடுதல் விலை விழும் என்பதைப் புதிதாக வந்தவர்கள் முதல் பில் வந்த பிறகே அறிகிறார்கள். ஆகவே மாத நடுவில் மீட்டரை ஒரு முறை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் மணிக்கு ஒரு குவளை வீதம் குடியுங்கள். மண்பானை வாங்குவதானால் மானாமதுரைப் பானை நல்லது. அது மதுரையிலேயே கிடைக்கும். புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் மட்டும் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான மூலையில் ஈர மணல் மேல் வையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது, எனவே பானையின் வெளிப்புறத்தில் பெயின்ட் அடித்தவற்றை வாங்காதீர்கள். மதிய உணவு மோர், நீர்க்காய்க் கூட்டு என்று இலேசாக இருக்கட்டும். அதன் பின் ஒன்று முதல் இரண்டரை வரை திரை எதையும் பார்க்காமல் படுத்திருங்கள். அதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம், மாலைக் கைவேலைக்கு வேண்டிய தெம்பு அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் சேர்கிறது. யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, குழறிய பேச்சு, வியர்க்காமல் கொதிக்கும் உடம்பு என்று தெரிந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

ஐந்தரைக்கு மேல்: விரல்களுக்கான வேலை

மதுரையில் கற்றுக்கொள்ளத்தக்க கைவேலை என்று என்னைக் கேட்டால் சுங்குடி முடிச்சு என்றுதான் சொல்வேன். துணியில் சிறு சிறு முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சிட்ட இடங்களைப் புள்ளிகளாக எடுக்கும் வேலை அது; சௌராஷ்டிரச் சமூகத்தினர் நாயக்கர் காலம் முதல் இங்கே வளர்த்த கலை. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குபவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் செய்தவை, கையால் முடிந்தவை அரிது. ஆனால் முடிச்சுக்கு வேண்டியதெல்லாம் ஒரு துண்டுப் பருத்தித் துணி, நூல், நகம், நிழலான ஓரிடம். மின்சாரம் இல்லாவிட்டாலும் செய்யலாம், பாதியில் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம், பேசிக்கொண்டே செய்யலாம். வேலை பார்த்த கண்ணுக்குத் திரையிலிருந்து விடுதலை கிடைக்கிறது.

விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் மெல்லிய வெள்ளை மல் துணி அரை மீட்டர் வாங்குங்கள். புதுத்துணியில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள், அது போகாமல் சாயம் பிடிக்காது. ஒரு கரண்டி சலவைச் சோடா போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அலசிக் காய வையுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணி மேல் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் துணி தயார்; சொட்டு முத்தாக நின்றால் இன்னொரு முறை கொதிக்க வைக்க வேண்டும்.

பென்சிலால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இலேசாகப் புள்ளி வையுங்கள். வீட்டு வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகியவர்களுக்கு இது தானாக வரும். இடக்கை ஆள்காட்டி விரலைத் துணிக்கு அடியில் புள்ளியின் நேர் கீழே கொடுத்து மேலே தள்ளுங்கள். எழும்பும் முனையை வலக்கைக் கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் விரல் சதையால் பிடித்துத் துணியை அள்ளிவிடுகிறார்கள், அப்போது புள்ளி கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிடும். எனக்கு இதைக் கற்றுத் தந்த அடுத்த வீட்டுப் பாட்டி, "நகத்தால கிள்ளும்மா, விரலால அள்ளாத, ஒரு அரிசி அளவு வந்தா போதும்" என்று ஒவ்வொரு மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்த அரிசி அளவு முனையின் கழுத்தில் நூலை நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, கடைசிச் சுற்றில் ஒரு கண்ணி போட்டு இழுத்து, நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போங்கள். சுற்று இறுக்கமாக இருந்தால் நூல் துணிக்குள் அமிழ்ந்து, முனை சிறு மொட்டாகத் துருத்தி நிற்கும். தளர்ந்திருந்தால் விரலால் அசைத்ததும் நழுவும். நழுவுவதை அப்போதே அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள், சாயத் தொட்டிக்குள் போன பிறகு சரிசெய்ய வழியில்லை. நகம் பிடிக்காதவர்கள் உள்ளே ஒரு சிறு பாசிமணியை வைத்துக் கட்டிப் பழகலாம்.

முதல் மாலையில் இருபது முடிச்சு போட்டாலே நல்ல தொடக்கம். ஆறரைக்கு வெளிச்சம் மங்கும்போது நிறுத்திவிடுங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலை மின்விளக்கில் பார்ப்பது கண்ணுக்குக் கொடுமை. மாடியில் உட்கார்ந்து செய்பவர்கள் வானத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கே நாகமலைப் பக்கம் கறுத்து, திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால் கோடை மழைக்குக் கால் மணி நேரம்கூட இருக்காது. அப்போது முதலில் வத்தலை எடுங்கள், பிறகு துணியை.

ஞாயிறு காலை: சாயம்

வாரம் முழுதும் கட்டிய துணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாயம் போடலாம். வெந்நீர் வேண்டாத, பருத்திக்கான ரியாக்டிவ் சாயப் பொடியாகக் கேட்டு வாங்குங்கள். மதுரைக் கோடையின் குழாய்த் தண்ணீரே அதற்குப் போதிய சூட்டில் இருக்கும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சமையலுக்குப் பயன்படுத்தாத பிளாஸ்டிக் வாளியில், பொட்டலத்தில் சொன்ன அளவில் சாயத்தையும் உப்பையும் கரைத்து, முடிச்சிட்ட துணியை நனைத்துப் பிழிந்து போடுங்கள். இருபது நிமிடம் புரட்டிய பின் துணியை வெளியே எடுத்து, சாயம் துணியில் நிலைக்க உதவும் சோடா ஆஷைத் தனியே கரைத்து வாளியில் கலந்து, துணியை மீண்டும் போட்டு ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டுங்கள். சோடாவை நேரே துணி மேல் கொட்டினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தி வடித்தால் போதும். சாயத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

இங்கேதான் நான் என் முதல் துணியைக் கெடுத்தேன். நன்றாக அலசி முடிக்காமல், இவ்வளவு வெயில் வீணாகிறதே என்று கொடியில் பாதி வெயிலும் பாதி நிழலுமாகத் தொங்கவிட்டேன். வெயில் பட்ட பகுதி முதலில் காய, துணியில் மிச்சமிருந்த சாயம் ஈரத்தோடு அந்தப் பக்கம் நகர்ந்து சேர்ந்து, அரக்குத் துணியின் ஒரு ஓரம் மட்டும் கறுத்துப்போயிற்று. வத்தலுக்குத்தான் வெயில் வேண்டும். சாயத்துணிக்கு நிழலும் காற்றும் போதும், இந்த ஊரில் நிழலிலேயே அது நண்பகலுக்குள் காய்ந்துவிடும்.

முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டாம். முற்றிலும் காய்ந்த பிறகு, துணியின் எதிரெதிர் மூலைகள் இரண்டை இருவர் பிடித்துக் குறுக்காகச் சட்டென்று இழுங்கள். நூல் சிறு சிறு வெடிப்புகளாகத் தெறித்து வரிசையாகக் கழன்று விழும். சாயம் எட்டாத இடங்களில் நடுவில் ஒரு துளி நிறத்தோடு வெள்ளை வளையங்கள் தெரியும். கழலாமல் நிற்பவற்றை மட்டும் ஊசி முனையால் எடுங்கள். புள்ளிகளின் சுருக்கத்தை இஸ்திரி போட்டுத் தட்டையாக்காமல் விட்டால் கையால் முடிந்த துணி என்பது தொட்டாலே தெரியும். முதல் மூன்று சலவைக்கு மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். அன்று இரவே அடுத்த துண்டைச் சோடாவில் கொதிக்க வைத்து அலசிக் கொடியில் போட்டுவிட்டால், திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குப் புள்ளி வைக்கத் தொடங்கலாம்.